ஒன்பது இலை, பதின்மூன்று இலை: வேறுபாடு எப்போது வேறுபாடாகிறது?



மொழிக்கென நடைபெறும் இச்சொற்பொழிவுத் தொடரில் ஓர் அமெரிக்கத் தங்கக் காசு பேசுபொருளாவதைக் கண்டு உங்களில் சிலர் வியந்திருக்கக்கூடும். மொழியியலும் நாணயவியலும் அவ்வளவு தொலைவில் நிற்கும் துறைகள் அல்ல. இரண்டும் ஒரே வினாவை எழுப்புகின்றன. இரண்டு வடிவங்கள் சிறிதளவு வேறுபட்டால், அவ்வேறுபாட்டுக்குப் பொருள் உண்டா? நாள்தோறும் மாணவர் ஏடுகளைத் திருத்தும் ஆசிரியர், சிவப்பு மையைத் தொடுமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாவும் இதுவே. 1795ஆம் ஆண்டின் பத்து டாலர் தங்கக் காசில், கழுகின் காலடியில் உள்ள இலைகளை எண்ணி இவ்வினாவை ஆராய்வோம்.

வெள்ளியும் பொன்னும்

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வழங்கும் தமிழில் டாலருக்கும் ரிங்கிட்டுக்கும் 'வெள்ளி' என்றே பெயர். கடைத்தெருவில் 'பத்து வெள்ளி' என்றால் எவரும் உலோகத்தை நினைப்பதில்லை. ஆனால் அச்சொல் உலோகத்திலிருந்தே வந்தது. ஸ்பானிய ஆட்சியினர் அமெரிக்கக் கண்டத்துச் சுரங்க வெள்ளியில் அடித்த பெருங்காசு, பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்த் துறைமுகங்களில் நெடுங்காலம் புழங்கியது. அதன் விளிம்பு பல்பல்லாக வெட்டப்பட்டிருந்தது. 'ரிங்கிட்' என்னும் மலாய்ச் சொல்லின் மூலப்பொருளும் பல்வெட்டுடையது என்பதே.

அதே ஸ்பானியக் காசுதான் அமெரிக்க டாலருக்கும் அளவுகோலாயிற்று. 1792 ஏப்ரல் 2ஆம் நாள் நிறைவேறிய அமெரிக்க நாணயச்சாலைச் சட்டம், ஒரு டாலர் என்பது அப்போது வழங்கிய ஸ்பானிய டாலரின் மதிப்புடையது என்று வரையறுத்தது. 1857 வரை ஸ்பானியக் காசு அந்நாட்டில் சட்டப்படி செல்லுபடியாயிற்று. ஆகவே அவர்களின் டாலரும் நம் வெள்ளியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். நாம் ஆராயும் காசை நம் வழக்கில் 'பத்து வெள்ளித் தங்கக் காசு' என்று சொல்ல நேரிடும். இரண்டு உலோகப் பெயர்கள் ஒரே தொடரில் முரணின்றி நிற்பது, ஒரு சொல்லின் பழம்பொருள் எவ்வளவு முழுமையாக மறையக்கூடும் என்பதற்கு நல்ல சான்று.

சட்டமும் நாணயமும்

அச்சட்டம் மூன்று வகைத் தங்கக் காசுகளை ஏற்படுத்தியது. பத்து டாலர் மதிப்புடையதற்கு 'ஈகிள்', அதாவது கழுகு, என்பது பெயர். ஐந்து டாலர்க் காசு அரைக் கழுகு. இரண்டரை டாலர்க் காசு கால் கழுகு. கழுகின் எடை 270 கிரெய்ன், ஏறத்தாழ 17.5 கிராம். அதில் தூய பொன் 247.5 கிரெய்ன். பன்னிரண்டில் பதினொரு பங்கு பொன் என்பது கணக்கு. நகை வாங்கும் நம் இல்லத்தார் நன்கறிந்த 22 காரட் இதுவே.

சட்டம் 1792இல் பிறந்தும் தங்கக் காசு 1795இல்தான் வெளிவந்தது. நாணயம் அடிக்கும் தலைமை அலுவலரும் பொன்னின் மாற்றைச் சோதிப்பவரும் தலைக்குப் பத்தாயிரம் டாலர் பிணை தர வேண்டும் என்று சட்டம் விதித்திருந்தது. அத்தொகை அவர்களின் ஆற்றலுக்கு மீறியது. 1794இல் பிணைத்தொகை குறைக்கப்பட்ட பின்னரே பிலடெல்பியா நாணயச்சாலை பொன்னையும் வெள்ளியையும் காசாக்க முடிந்தது. 1795 ஜூலை இறுதியில் அரைக் கழுகும் செப்டம்பரில் கழுகும் வெளிவந்தன. வஞ்சக எண்ணத்துடன் பொன்னின் மாற்றைக் குறைக்கும் நாணயச்சாலை அலுவலருக்கு மரண தண்டனை என்றும் அச்சட்டம் கூறியது.

இத்துணைக் கடுமைக்குக் காரணம் உண்டு. அக்காசில் பத்து டாலர் என்ற எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. எடையும் மாற்றுமே அதன் மதிப்பு. தமிழில் 'நாணயம்' என்னும் ஒரு சொல் காசையும் குறிக்கிறது, வாக்குத் தவறாமையையும் குறிக்கிறது. நாணயம் நாணயமாக இருக்க வேண்டும் என்பதை அமெரிக்கச் சட்டம் தூக்குக்கயிற்றைக் காட்டிச் சொல்லிற்று. காசின் மாற்றைக் கண்டறிவோரைச் சங்க காலத் தமிழர் 'வண்ணக்கர்' என்றனர். வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் போன்ற புலவர் பெயர்களில் அத்தொழிற்பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. காசை உற்றுநோக்கிய கண்ணே பாட்டையும் யாத்தது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

அச்சு அசல் ஆகாத அச்சு

'அச்சு அசல்' என்று நாம் சொல்லும்போது, மயிரிழையும் மாறாத ஒற்றுமையை எண்ணுகிறோம். ஒரே அச்சில் அடித்த காசுகளுக்கு அது பொருந்தும். அச்சுகள் தம்முள் ஒன்றுபோல் இருந்தனவா என்றால், 1795இல் அவ்வாறு இல்லை.

ஒரு காசுக்கு இரண்டு அச்சுகள் வேண்டும்: முகப்புக்கு ஒன்று, பின்புறத்துக்கு ஒன்று. நம் சிறுவர் வழக்கில் தலைக்கு ஒன்று, பூவுக்கு ஒன்று. எஃகுத் துண்டை முதலில் காய்ச்சி மென்மையாக்குவர். நடு உருவத்தை அதில் அழுத்திப் பதிப்பர். பின்னர் எழுத்து, எண், விண்மீன் ஆகியவற்றை, அவ்வவ்வடிவம் முனையில் புடைத்து நிற்கும் சிற்றுளிகளால் ஒவ்வொன்றாகத் தட்டி இறக்குவர். நுண்பகுதிகளைக் கையாலேயே செதுக்குவர். எல்லாம் இடம் வலமாக, கண்ணாடியில் தெரிவதுபோல் அமைய வேண்டும். முடிந்தபின் எஃகை மீண்டும் காய்ச்சி நீரில் தோய்த்து வன்மையூட்டுவர். அவ்வேளையில் வெடித்துப் பாழான அச்சுகளும் உண்டு.

இவ்வேலைக்குப் பொறுப்பாளர் ராபர்ட் ஸ்காட் என்னும் செதுக்குநர். கையால் செய்தமையால் ஓர் அச்சில் விண்மீன் சற்றுத் தள்ளி நிற்கும். மற்றொன்றில் ஓர் எழுத்து சாய்ந்து நிற்கும். இத்தகைய வேறுபாடுகளைக் கொண்டு எக்காசு எவ்விரண்டு அச்சுகளின் சேர்க்கையில் பிறந்தது என்று கூற இயலும். இதனை 'அச்சு வேறுபாடு' என்போம். டெக்சாஸ் மாநிலத்து ஹாரி பாஸ் என்பார் தொடக்ககால அமெரிக்கத் தங்கக் காசுகளை அச்சுவாரியாகச் சேகரித்தவர். அவர் மறைவுக்குப் பின் ஜான் டானருத்தர் அவ்வாராய்ச்சியை நிறைவுசெய்ய, 2006இல் அது நூலாயிற்று. 1795 கழுகுக்கு ஐந்து அச்சுச் சேர்க்கைகள் உண்டு என்பது இத்துறையின் முடிபு.

இலைகளை எண்ணுவோம்

இனிக் காசைப் பார்ப்போம். முகப்பில் சுதந்திரம் ஒரு பெண்ணுருவாக வலப்புறம் நோக்கியிருக்கிறாள். தலையில் மெல்லிய துணித்தொப்பி. அதைத் தலைப்பாகையாகக் கண்ட பிற்காலச் சேகரிப்பாளர் 'தலைப்பாகைத் தலை' என்று பெயரிட்டனர். மேலே 'லிபர்ட்டி' என்ற சொல், கீழே ஆண்டு. இடப்புறம் பத்தும் வலப்புறம் ஐந்துமாகப் பதினைந்து விண்மீன்கள். பின்புறத்தில் சிறகு விரித்த கழுகு. அலகில் ஒரு மலர்வளையம்; காலடியில் பனையினத்து ஓலைக்கிளை. சுற்றிலும் நாட்டின் பெயர்.

ஐந்து சேர்க்கைகளில் நான்கில் அக்கிளைக்குப் பதின்மூன்று இலைகள். ஒன்றில் மட்டும் ஒன்பது. இவ்வொன்பது இலைக் காசுகளில் இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ இருபது. வில்லியம் ஷெல்டன் 1949இல் வகுத்த அருமை அளவுகோலின்படி, பதின்மூன்று முதல் முப்பது வரை அறியப்பட்டவை ஆறாம் படியில் நிற்கும். ஒன்பது இலைக் காசின் இடம் அதுவே.

நாணயச்சாலையின் கணக்கேடுகள் எந்த நாளில் எத்தனை காசுகள் ஒப்படைக்கப்பட்டன என்று கூறும். எந்த அச்சில் எத்தனை என்று கூறா. 1795 என்று பொறித்த கழுகுகள் மொத்தம் 5,583 என்பது வழக்கமாகக் கூறப்படும் கணக்கு. அவற்றுள் ஒன்பது இலைக்கு ஏடுகளில் தனி வரி இல்லை. கணக்கு எழுதியவருக்கு அப்படி ஒரு பிரிவு தேவைப்படவும் இல்லை. பிற்காலத்தில் காசை நேரில் எடுத்து எண்ணியவர்களே அதைப் பிரித்தறிந்தனர்.

விண்மீனும் இலையும்

பதின்மூன்று என்றதும் அமெரிக்காவின் பதின்மூன்று தொடக்க மாநிலங்களை நினைப்பது இயல்பு. இலைகள் அவற்றைக் குறிக்கின்றன என்று விளக்கம் கூறிவிடலாம். அவ்வாறாயின் ஒன்பது இலை எதைக் குறிக்கும்? நான்கு மாநிலங்கள் பிரிந்துபோயினவா? ஒரு விளக்கம் நமக்குப் பிடித்த சான்றுக்கு மட்டும் பொருந்தி, எதிர்ச்சான்றுக்குப் பொருந்தாமற் போனால் அதை ஐயுற வேண்டும்.

அதே காசின் முகப்பில் உள்ள விண்மீன்களை ஒப்பிட்டால் உண்மை விளங்கும். 1791இல் வெர்மான்ட்டும் 1792இல் கென்டக்கியும் இணைந்தபின் மாநிலங்கள் பதினைந்து. 1795 காசில் விண்மீன்களும் பதினைந்து. 1796 ஜூனில் டென்னசி இணைந்தது. அவ்வாண்டுக் கழுகில் விண்மீன்கள் பதினாறு. மாநிலம் கூடுந்தோறும் விண்மீனைக் கூட்டினால் இடம் போதாது என்று உணர்ந்தபோது பதின்மூன்றுக்குத் திரும்பினர். உலகில் ஒன்று மாற, காசிலும் ஒன்று மாறுகிறது. விண்மீன் எண்ணிக்கை பொருள் உணர்த்தியது என்பதற்கு இதுவே சான்று. இலைகளுக்கு இத்தகைய ஒத்தியைபு இல்லை. ஒரே ஆண்டில், மாநிலக் கணக்கு மாறாத நிலையில், இலை மட்டும் ஒன்பதாகவும் பதின்மூன்றாகவும் நிற்கிறது. கழுகின் உருவம் வேண்டும் என்று கூறிய சட்டம் இலையைப் பற்றி எதுவும் கூறவில்லை. ஒன்பது இலைக் காசைக் கொண்டு பொருள் வாங்கியவனுக்கும் பதின்மூன்று இலைக் காசைக் கொண்டு வாங்கியவனுக்கும் கிடைத்தது ஒரே பத்து டாலர்ச் சரக்கு.

மொழியியல் கற்கும் மாணவர்களுக்கு இது பழகிய செய்தி. 'வலி', 'வளி', 'வழி' என்னும் மூன்று சொற்களில் இடையெழுத்து மாறப் பொருளும் மாறுகிறது. ல, ள, ழ மூன்றும் தமிழில் தனித்தனி ஒலியன்கள். 'கல்' என்பதன் ககரமும் 'பகல்' என்பதன் ககரமும் ஒலிப்பில் ஒன்றல்ல. ஆயினும் அவ்வேறுபாடு தமிழில் பொருளைப் பிரிப்பதில்லை. அவை ஓர் ஒலியனின் மாற்றொலிகள். அதனால் ஓர் எழுத்தே போதும் என்று நம் முன்னோர் கண்டனர். அதே வேறுபாடு மலாயில் பொருள் பிரிக்கும். 'தடவை' என்று பொருள்படும் மலாய்ச் சொல்லையும் 'தோண்டு' என்று பொருள்படும் மலாய்ச் சொல்லையும் தமிழெழுத்தில் எழுதினால் இரண்டும் 'காலி' என்றே அமையும். மலாய்க்காரர் செவிக்கு அவை வெவ்வேறு சொற்கள்.

விண்மீன் ஒலியன் போன்றது. இலை மாற்றொலி போன்றது. செலவழிப்பவனின் அமைப்பில் இலைக்குப் பொருள் இல்லை. அச்சின் வரலாற்றைத் தேடுபவரின் அமைப்பில் அதே இலை தலைமைச் சான்றாகிறது. வேறுபாடு காசிலேயே இருக்கிறது. அது பொருள் பெறுவது எந்த அமைப்பில் வைத்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

மூன்று வகைத் தடங்கள்

ஆசிரியர்களுக்குப் பயன்படும் பகுதிக்கு வருகிறேன். ஒரு பழங்காசைக் கையில் எடுத்தால் அதன்மேல் பல கோடுகளும் குழிகளும் தெரியும். தேர்ந்த நாணயவியலார் அவற்றை மூன்றாகப் பிரிப்பர்.

முதல் வகை, அச்சு விழுமுன் ஏற்பட்டது. பொன் வில்லையின் எடை சற்று மிகுந்தால் அரத்தால் அராவிச் சரிசெய்தனர். அராவிய கோடுகள் 1795 காசுகள் பலவற்றில் இன்றும் தெரிகின்றன. அறியாதார் அவற்றைச் சேதம் என்பர். அவை எடை சரியாக இருக்க வேண்டும் என்ற அக்கறையின் தடங்கள். இரண்டாம் வகை, அச்சிலேயே இருந்தது. அச்சில் வெடிப்புக் கண்டால், பொன் அவ்வெடிப்பினுள் புகுந்து, காசின்மேல் மேடான கோடாகத் தோன்றும். அதன்பின் அவ்வச்சில் அடித்த ஒவ்வொரு காசிலும் அக்கோடு இருக்கும். வெடிப்பு வளர வளரக் கோடும் வளரும். எக்காசு முந்தியது, எது பிந்தியது என்று அதைக்கொண்டே வரிசைப்படுத்துவர். மூன்றாம் வகை, காசு வெளியேறிய பின் நேர்ந்த கீறலும் தேய்மானமும். அது அந்த ஒரு காசுக்கு மட்டும் உரியது.

மாணவர் கட்டுரையிலும் இம்மூன்றும் உண்டு. வீட்டு வழக்கிலிருந்தோ மலாய், ஆங்கிலம், சீனம் ஆகியவற்றின் சூழலிலிருந்தோ, வகுப்புக்கு வருமுன்பே படிந்தவை முதல் வகை. மாணவர் மனத்தில் தவறாக உருவாகிவிட்ட விதியிலிருந்து எழுபவை இரண்டாம் வகை. அவை மீண்டும் மீண்டும் ஒரே இடத்தில் தோன்றும். அவசரத்திலும் களைப்பிலும் நேர்பவை மூன்றாம் வகை. பிட் கார்டர் என்னும் மொழியியலாளர் 1967இல் எழுதிய கட்டுரையில், முறைப்பட்ட பிழையையும் தற்செயல் வழுவையும் பிரித்துக் காட்டினார். முன்னது மாணவர் மொழியைக் கட்டிக்கொண்டிருக்கும் முறைக்குச் சான்று என்பது அவர் கருத்து.

மூன்றையும் ஒரே சிவப்பு மையால் வட்டமிட்டால் மாணவர் எதைக் கற்பார்? கீறலுக்கு இலக்கணப் பாடம் நடத்துவது வீண். அச்சில் உள்ள வெடிப்பைக் கீறல் என்று ஒதுக்கினால், அடுத்த நூறு காசுகளிலும் அது வரும். அராவிய தடத்தைச் சேதம் என்று பழித்தால், வீட்டில் தமிழ் பேசும் குழந்தை அத்தமிழுக்கே நாணத் தொடங்கும். இங்கு வீட்டில் தமிழ் பேசும் வழக்கைக் காக்க நாம் படும் பாட்டை நினைத்தால், இந்தக் கடைசி இழப்பே பெரிது. எழுத்துத் தமிழைத் திருத்தமாகக் கற்பிக்கும் கடமையில் எள்ளளவும் தளர வேண்டா. எது எவ்வகைத் தடம் என்று பிரித்தறிந்தபின் திருத்துவோம் என்பதே என் வேண்டுகோள்.

ஆண்டும் பொய் சொல்லும்

மாணவர்களுக்கு ஒரு செய்தி. எழுதப்பட்ட சான்றையும் பிற சான்றோடு உரைத்துப் பார்க்க வேண்டும். 1795 என்று முகப்பில் பொறித்த அரைக் கழுகுகள் சில, பின்புறத்தில் மார்பில் கேடயம் தாங்கிய பெருங்கழுகைக் கொண்டுள்ளன. அவ்வடிவம் தங்கக் காசுகளில் புகுந்தது 1796இல்தான். ஆகவே அக்காசுகள் 1795இல் அடிக்கப்பட்டிருக்க முடியாது. இதற்கு நேர் எதிராக, 1798 என்று பொறித்த அரைக் கழுகுகள் மிகச் சில, கைவிடப்பட்ட பழைய சிறுகழுகைப் பின்புறத்தில் கொண்டுள்ளன. அவற்றில் இன்று அறியப்பட்டவை பத்துக்கும் குறைவு.

காரணம் எளியது. நல்ல எஃகு கிடைப்பது அரிது. செய்த அச்சை உடையும்வரை பயன்படுத்துவது அக்கால வழக்கம். ஆண்டு மாறியது என்பதற்காக எவரும் அச்சை எறியவில்லை. 1797 முதல் 1799 வரை பிலடெல்பியாவில் மஞ்சட் காய்ச்சல் பரவி நாணயச்சாலையை மூட நேர்ந்த காலமும் அதுவே. மீண்டும் திறந்தபோது கைக்கு வந்த அச்சுகள் இணைந்திருக்கக்கூடும். ஏட்டுச்சுவடி ஆராய்வோர் இதை உடனே உணர்வர். சுவடியின் முடிவில் உள்ள ஆண்டு, மூலத்தின் ஆண்டா, படியெடுத்த ஆண்டா, படியெடுத்தவர் தம் மூலத்திலிருந்து அப்படியே பெயர்த்த ஆண்டா என்று கேளாமல் அவர்கள் நகர்வதில்லை.

இக்காசுகள் அரியனவாக எஞ்சியதற்கும் காரணம் உண்டு. சட்டம் பொன்னுக்கும் வெள்ளிக்கும் 15க்கு 1 என்று விகிதம் வகுத்தது. ஐரோப்பாவில் பொன்னின் மதிப்பு அதைவிடச் சற்று மிகுதி. எனவே காசுகள் கடல் கடந்து உருக்கப்பட்டன. 1804க்குப் பின் 1838 வரை புழக்கத்திற்கெனக் கழுகு அடிக்கப்படவே இல்லை. 1834இல் காசின் பொன்னளவைக் குறைத்தபோது, பழங்காசின் பொன் அதன் மதிப்பைவிட விலை மிகுந்தது. எஞ்சியவற்றில் பலவும் உலைக்குப் போயின. உலையில் இட்டவருக்கு இலை ஒன்பதா, பதின்மூன்றா என்ற கவலை இல்லை. அவர் பார்த்தது எடை மட்டுமே.

மொழியிலும் உலை உண்டு. எல்லாரும் ஒரேபோல் பேசவேண்டும் என்ற வேகத்தில், வட்டாரச் சொற்களும் தோட்டப்புறத் தமிழின் வழக்குகளும் எவரும் பதிவு செய்யுமுன்பே உருகிப்போகின்றன. பதிவு செய்வதற்குப் பெரிய கருவி வேண்டா. எண்ணத் தெரிந்த கண்ணும் எழுதும் பொறுமையும் போதும்.

ஒரு சிறு பயிற்சியைச் சொல்லி அமைகிறேன். நம் சிங்கப்பூர்க் காசுகளில் நாட்டின் பெயர் தமிழ் எழுத்திலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆசிரியர்கள் அடுத்த வாரம் வகுப்பில் மாணவர் கைகளில் ஒரே மதிப்புள்ள இரண்டு காசுகளைக் கொடுங்கள். அவை எவ்வெவ்வாறு ஒத்தும் வேறுபட்டும் உள்ளன என்று பத்து வரியில் தமிழில் எழுதச் சொல்லுங்கள். எந்த வேறுபாடு அச்சில் பிறந்தது, எது புழக்கத்தில் நேர்ந்தது என்று கேளுங்கள். பதினொன்றாம் வரியில், எதனால் அவ்வாறு முடிவு செய்தாய் என்பதற்கு விடை எழுதட்டும். மதிப்பெண்ணை அந்த வரிக்கே வையுங்கள்.